கதிரில் முளைத்த கோதுமை

எங்கள் வயதுக்காரர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். பத்து, பதினொரு வயதில் இந்த நாட்டுக்கு வந்து, ஆறு மாதத்தில் டேனிஷ் பிடித்துக்கொண்டு, அதன் பிறகு வீட்டுக்கு வந்த ஒவ்வொரு கடிதத்தையும் அம்மா அப்பாவுக்கு வாசித்துச் சொன்ன பிள்ளைகளுக்கு. டொக்டரிடம், கொம்யூன் என்கிற நகரசபைக் கந்தோரில், பள்ளிக்கூடத்தில் என்று எங்கே போனாலும் இரண்டு பெரியவர்களுக்கு நடுவே ஒரு கதிரையைப் போட்டு எங்களை இருத்தினார்கள். கால் நிலத்தில் முட்டாது. இப்போது எங்களுக்கு முடி நரைத்துவிட்டது, சர்க்கரைக் குளிசை போடுகிறோம், எங்கள் பிள்ளைகள் எங்களோடு டேனிஷில் வாயடிக்கிறார்கள். அந்தக் கதிரையில் இருந்து நாங்கள் எதைச் சொன்னோம், எதை மாற்றிச் சொன்னோம் என்று மட்டும் ஒன்றுகூடல்களில் கதைப்பதில்லை. நான் கதைக்கிறேன். ஒரு மழையில் இருந்து தொடங்க வேண்டும்.

கொம்யூன் எங்களுக்குத் தந்த வீடு ஸ்கீவ பட்டணத்தில் இருந்து பஸ்ஸில் அரை மணித்தியாலம். ஊர் முடிகிற இடத்தில் தனியாக நின்ற செங்கல் வீடு. சமையலறை யன்னலைத் திறந்தால் ஒரு கம்பிவேலி, அதற்கப்பால் கோதுமை. வயலின் மறு கரையில் ஒரு வெள்ளைப் பண்ணைவீடும் நீளமான பன்றிக் கொட்டிலும் தெரியும். காற்று ஒரு பக்கத்தால் அடித்தால் பன்றி மணம், மறு பக்கத்தால் அடித்தால் கடல் மணம். அம்மா இரண்டுக்கும் யன்னலைச் சாத்துவார்.

அப்பா மன்னாரில் கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீரில் நெல் செய்தவர். இங்கே அவருக்குக் கிழமையில் இரண்டு காலை டேனிஷ் வகுப்பு, மிச்ச நேரம் முழுக்க அந்த யன்னல். நாற்பத்தைந்து வயது ஆள் பள்ளிக்கூடப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்சுக்கு நிற்பதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கும். வகுப்பில் என்ன படித்தார் என்று கேட்டால், “ஒண்டும் மண்டையிலை ஏறுதில்லை பிள்ளை” என்பார்.

எங்களுக்கு முன்னமே வந்து ஸ்கீவ பட்டணத்தில் இருந்த ஒரு அண்ணை சனிக்கிழமைகளில் வருவார். கொழும்பில் இருந்து வந்த பழைய பேப்பர்களும், இந்த நாட்டில் எதைச் செய்யலாம் எதைச் செய்யக் கூடாது என்ற புத்திமதிகளும் கொண்டு வருவார். கெட்ட மனிதர் இல்லை. எங்களுக்கு முதல் முதல் குளிர்க்கோட் வாங்கித் தந்தவர் அவர்தான்.

“கொம்யூனுக்குத் தெரியாமல் ஆரின்ரையும் இடத்திலை வேலை கீலை எண்டு போயிடாதையுங்கோ அண்ணை” என்று ஒரு சனிக்கிழமை அப்பாவிடம் சொன்னார். “கண்டுபிடிச்சாங்கள் எண்டால் விசாவையும் பறிச்சு, குடும்பத்தோடை பிளேன் ஏத்திப்போடுவாங்கள். அப்பிடி ஒரு குடும்பத்தை அனுப்பினவங்களாம்.”

எந்தக் குடும்பம், எந்த ஊர் என்று ஒருவரும் கேட்கவில்லை. அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். அந்த மாதம்தான் ஊரில் அம்மாவின் தம்பியை ஆமி வீட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனதாகக் கடிதம் வந்திருந்தது.

அந்தக் கோடையில் முதலில் நல்ல வெயில். பச்சையாக நின்ற கோதுமை ஒரு மாதத்துக்குள் நாய்க்குட்டியின் முதுகு நிறத்துக்கு வந்தது. அப்பா பின்னேரங்களில் கம்பிவேலிக்கு மேலால் கையை நீட்டிக் கோதுமைக் கதிர் ஒன்றை முறிப்பார். உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, உமியை ஊதிவிட்டு, மணிகளை எண்ணுவார். ஒருநாள் டிராக்டரில் வந்த அந்தப் பண்ணைவீட்டுக் கமக்காரர் அதைக் கண்டுவிட்டு இறங்கி வந்தார். உயரமான மனிதர், காது இரண்டும் வெயிலில் வெந்து சிவந்திருக்கும். மனைவி செத்து இரண்டு வருடம். பண்ணையில் நின்ற வேலையாள் அந்த வசந்தத்தில் விட்டுவிட்டுப் போய்விட்டான். களவு பிடிக்கத்தான் வருகிறார் என்று நான் பயந்தேன். அப்பா கையில் இருந்த மணிகளை அவரிடம் நீட்டினார். அவர் ஒன்றை எடுத்து முன்பல்லால் கடித்தார். அப்பாவும் ஒன்றைக் கடித்தார். இரண்டு பேரும் தலையை ஒரே மாதிரி ஆட்டினார்கள். அதற்கு என் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

இன்னும் ஒரு கிழமையில் வெட்டலாம் என்று கமக்காரர் சொன்னார். இரண்டாம் நாள் மழை வந்தது.

எங்கள் ஊர் மழை உங்களுக்குத் தெரியும். இருட்டி, இடித்து, அடித்து ஊற்றி, ஓய்ந்துவிடும். இது அப்படி இல்லை. சத்தமே இல்லாமல் பொழுது விடிவதற்கு முன்பே தொடங்கியிருக்கும். மாவு அரிப்பது போல நாள் முழுக்கப் பெய்யும். நடுவில் நிற்கும், நின்றுவிட்டதென்று நினைக்கும்போது காற்றோடு திரும்பவும் வரும். நாலாம் நாள் வயலில் ஆங்காங்கே கோதுமை சாய்ந்து விழுந்தது, மாடு படுத்தெழும்பிய இடம் போல. நிமிர்ந்து நின்ற கதிர்களும் நிறம் மாறின. மஞ்சள் போய்ச் சாம்பலாகி, சாம்பலில் கரும்புள்ளி விழுந்தது. யன்னலைத் திறந்தால் நனைந்த சாக்கு மணம். நான் தூங்கி எழும்புவதும் மழைக்கோட்டைப் போட்டு வெளியே போய் வருவதுமாக இருந்தேன். அப்பா மட்டும் தன் வயல் நனைகிறது போலக் கிடந்து தவித்தார்.

பிறகு இரண்டு நாள் வெயில் எறித்தது. இரண்டாம் நாள் காலையில் அப்பா வயலுக்குள் இறங்கிப் போய், தொடை வரைக்கும் நனைந்தபடி திரும்பி வந்தார்.

“பிள்ளை, கெதியா வா. அவரிட்டைச் சொல்லு, இண்டைக்கே வெட்டச் சொல்லி. ஈரம் கிடந்தாலும் பறவாயில்லை, வெட்டி உள்ளுக்குப் போட்டுக் காய வைக்கலாம். மணி உப்பிப்போய் நிக்குது. இன்னொரு மழை பட்டால் முளைச்சிடும். கட்டாயம் சொல்லு.”

பண்ணை முற்றத்தில் கமக்காரர் அறுவடை மெசினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வருடம் அந்த மண்ணில் நின்ற மனிதருக்கு, சப்பாத்து நனைந்து வந்து நிற்கிற என் அப்பா கட்டளை போடுவதை எப்படிச் சொல்வது? எனக்கு முகம் சுட்டது. “இன்றைக்கு வெட்ட முடியாதா என்று அப்பா கேட்கிறார்” என்று சொன்னேன். கேட்கிறார் என்றேன். முளைக்கப்போகிறது என்பதையும் விட்டுவிட்டேன். அந்தச் சொல்லுக்கு டேனிஷில் என்னவென்று எனக்கு அப்போது தெரியாது.

கமக்காரர் சிரித்தார். ஈரம் அளக்கிற ஒரு சின்னப் பெட்டி வைத்திருந்தார். அதைக் கொண்டுவந்து முள் எங்கே நிற்கிறது என்று அப்பாவுக்குக் காட்டினார். “இது பாண் மாவுக்கு ஆலைக்குப் போகிற கோதுமை. ஈரமாக வெட்டினால் காய வைக்க எண்ணெய் எரித்தே நான் முடிந்துவிடுவேன். இன்னும் மூன்று நாள் வெயில் இருக்கிறது என்று ரேடியோ சொல்கிறது. அப்பாவிடம் சொல், இது அரிசி இல்லை.”

திரும்பி வரும்போது அப்பா கேட்டார்: “நான் சொன்ன மாதிரியே சொன்னனியோ?”

“ஓம் அப்பா.”

மறுநாள் காலையிலேயே மழை தொடங்கியது. பத்துப் பன்னிரண்டு நாள் விடவில்லை.

அதற்குள் ஒருநாள் அப்பா கோதுமைக் கதிர் ஒன்றைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு உமிக்குள்ளும் இருந்து வெள்ளைமயிர் போல வேரும், அதற்குப் பக்கத்தில் ஊசிமுனை போலப் பச்சை முளையும் வெளியே வந்திருந்தன. தாள் செத்துக் கறுத்துப் போயிருக்க, தலையில் மட்டும் உயிர்.

“மண்ணில்லாமல் எப்பிடியப்பா முளைக்கும்?” என்று அம்மா கேட்டார்.

“விதைக்கு வயல் எது, கதிர் எது எண்டு தெரியாது. நனைஞ்சால் அது தன்ரை வேலையைத் தொடங்கிவிடும். தொடங்கினால் பிறகு மாவுமில்லை, விதையுமில்லை” என்றார் அப்பா. அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

கடைசியில் வெட்டியபோது பள்ளிக்கூடம் தொடங்கி நெடுநாளாகிவிட்டது. மெசின் இரண்டு தரம் சேற்றில் புதைந்தது. அப்பா பலகை போட்டு இழுக்க உதவினார். ஆலைக்காரர்கள் மாதிரியைப் பார்த்துவிட்டு வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். முளைத்த கோதுமையின் மாவில் பாண் எழும்பாதாம். நடுவில் பசையாகக் கிடக்குமாம். எல்லாம் பன்றிக்கு என்றாயிற்று. கமக்காரர் அதைக் களஞ்சியத்தின் தரையில் என் உயரத்துக்கு மேலே குவித்து, அடியில் காற்றடிக்கிற விசிறி ஒன்றைப் பூட்டினார். ஈரம் அந்த விசிறிக்கு அடங்கவில்லை. சில நாளில் குவியல் தானாகச் சூடேறியது. அப்பா என் கையைப் பிடித்து உள்ளே நுழைத்துக் காட்டினார். முழங்கை வரை போனதும் காய்ச்சல்காரரின் கக்கத்துக்குள் கை வைத்தது போலச் சுட்டது. காலையில் குவியலின் உச்சியில் இருந்து ஆவி எழும்பும். தீப்பிடிக்காமல் இருக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு நாளும் சவள் என்கிற அகன்ற மண்வாரியால் அள்ளிப் புரட்ட வேண்டும். அது ஒரு ஆள் செய்கிற வேலை இல்லை.

கமக்காரர் வேலிக்கு வந்து, இரண்டு கையாலும் அள்ளிப் போடுவது போலக் காட்டி, அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. கம்பியைக் கடந்து போனார்.

சம்பளம் என்று ஒன்றும் இல்லை. உருளைக்கிழங்கு வரும், முட்டை வரும். செத்துப்போன யாருடையதோ ஒரு நீல மேலங்கியைக் கமக்காரர் கொடுத்தார். அதன் கை அப்பாவுக்கு நீளம், இரண்டு மடிப்பு மடித்துவிடுவார். நான் பள்ளிக்கூடத்தால் வந்து களஞ்சியத்துக் கதவடியில் நின்றால் உள்ளே ஆளைத் தெரியாது. சவள் குவியலுக்குள் இறங்குகிற ஒவ்வொரு தரமும் சாம்பல் நிறப் புகை ஒன்று எழும்பும். புகை இல்லை, பூஞ்சணம். கதவால் வருகிற வெளிச்சத்தில் அது பட்டுத்துணி போல அசையும். புளித்த, இனிப்பான, தொண்டையைப் பிடிக்கிற மணம். எனக்குத் தும்மல் வரும். “நீ வெளியே போ” என்பார் கமக்காரர். தூசைப் பற்றி அப்பா ஒருநாள் கேட்கச் சொன்னபோது, “குளித்தால் போய்விடும்” என்று சிரித்தார். அப்பா வாயில் ஒரு துவாயைக் கட்டிக்கொண்டார்.

உண்மையைச் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் அப்பா சந்தோசமாக இருந்து நான் கண்டது அந்தச் சில கிழமைகளில்தான். கைகள் பழையபடி காய்த்துப்போயின. சாப்பாட்டை இரண்டாம் தரம் போடச் சொன்னார். அம்மாதான் யன்னலடியில் நின்று ரோட்டால் யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பார். வெள்ளைக் கார் ஒன்று போனால் கொம்யூன் கார் என்று உள்ளே ஓடி வருவார்.

காய்ச்சல் ஐப்பசியில் தொடங்கியது. பின்னேரம் வந்து குளித்துச் சாப்பிட்ட பிறகு உடம்பு நடுங்கும். நெஞ்சை இறுக்குகிறது என்பார். இருமுவார். காலையில் ஒன்றுமில்லாதது போல எழும்பிப் போவார். அம்மா மல்லியும் இஞ்சியும் அவித்துக் கொடுத்து, “உந்த ஈரத்துக்கை நிண்டால் வேறை என்ன வரும்” என்று பேசுவார்.

கமக்காரர் ஞாயிற்றுக்கிழமையில் குவியலைத் தொடமாட்டார். நான் ஒன்றைக் கவனித்தேன்.

“அம்மா, ஞாயிற்றுக்கிழமையிலை அப்பாவுக்குக் காய்ச்சல் வாறேல்லை.”

“அது மாதா பாத்துக்கொள்ளுறா” என்றார் அம்மா.

கார்த்திகை மாதம் டொக்டரிடம் போனோம். அப்பா வாசலில் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “பிள்ளை, பண்ணையைப் பற்றி அங்கை ஒண்டும் கதைக்காதை. கேட்டால் வீட்டிலைதான் இருக்கிறார் எண்டு சொல்லு. விளங்குதோ? எங்கள் எல்லாருக்காகவும்தான் சொல்லுறன்.”

கிராமத்து டொக்டர், மெல்லிய குரல். அப்பாவின் முதுகில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். மூச்சை இழுக்கச் சொன்னார், விடச் சொன்னார், திரும்பவும் இழுக்கச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“அப்பா எங்கேயாவது தூசுக்குள் நிற்கிறாரா? வைக்கோல், தானியம், கோழிக்கூடு இப்படி?”

அவர் கேட்டார். கேட்கவே இல்லை என்று நான் பல வருடம் எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவர் கேட்டார், சரியான கேள்வியைத்தான் கேட்டார்.

“இல்லை. வீட்டில்தான் இருக்கிறார்.”

டொக்டர் அப்பாவின் கையைப் பார்த்தார். மடியில் கிடந்த அந்தக் கைகளில் சவள்பிடி பட்ட காய்ப்பு அப்படியே தெரிந்தது. பிறகு என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த குழந்தைப் படத்தைப் பார்த்தேன். அவர் இரண்டாம் தரம் கேட்கவில்லை.

“என்னவாம்?” என்றார் அப்பா.

“என்ன வேலை செய்யிறீங்கள் எண்டு கேட்டவர்.”

“என்ன சொன்னனீ?”

“நீங்கள் சொன்னதைத்தான்.”

அப்பா என் தலையைத் தடவினார்.

சயரோகமாக இருக்கும் என்று சந்தேகப்பட்டார்கள். எங்கள் நாட்டில் இருந்து வந்த ஆட்களுக்கு இருமல் என்றால் அப்போது முதலில் அதைத்தான் நினைத்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் தனி அறையில் வைத்தார்கள். எங்களுக்கும் ஊசி போட்டுப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்துக் கதிரை ஒரு கிழமை காலியாகக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு நாளுக்கு நாள் சுகமாகிக்கொண்டு வந்தது. காய்ச்சல் நின்றது, இருமல் குறைந்தது, சயரோகம் இல்லை என்றும் வந்தது. நெஞ்சில் சளிக்காய்ச்சல், மருந்து வேலை செய்கிறது என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள். அம்மா மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தினார். அண்ணை ஒரு கேக் வாங்கி வந்தார்.

அடுத்த திங்கட்கிழமை அப்பா நீல மேலங்கியைப் போட்டுக்கொண்டு களஞ்சியத்துக்குப் போனார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அந்தக் கோதுமையைத்தான் பன்றிகளுக்கு அரைத்துப் போட்டார்கள். அரைக்கிற தூசு புரட்டுகிற தூசை விடப் பொல்லாதது. தை மாதம் அப்பா படியேறும்போது நடுவில் நின்று சப்பாத்தைப் பார்ப்பது போலப் பாசாங்கு செய்வார். மாசி மாதம் பாசாங்கும் இல்லை. சட்டை தோளில் தொங்கியது. டொக்டரிடம் திரும்பவும் போனோம். திரும்பவும் அதே மருந்து. கேள்வி ஏற்கெனவே கேட்டாகிவிட்டது, அதனால் ஒருவரும் அதைத் திரும்பக் கேட்கவில்லை.

பங்குனியில் ஒரு கிழமை அப்பா களஞ்சியத்துக்குப் போகவில்லை. கமக்காரர் ஒரு வாளி உருளைக்கிழங்கோடு வீட்டுக்கு வந்தார். அப்பா சாய்கதிரையில் கிடந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. எழும்ப முயன்று, ஏலாமல், கையை மட்டும் உயர்த்தினார். கமக்காரர் வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார்.

“டொக்டர் என்ன சொல்கிறார்?”

“நெஞ்சில் சளி.”

“என் தானியத்துக்குள் நிற்கிறார் என்று டொக்டருக்குத் தெரியுமா?”

நான் குழாயடியில் கிடந்த கோப்பையைக் கழுவத் தொடங்கினேன்.

“உன்னைத்தான் கேட்கிறேன். தெரியுமா?”

இல்லை என்று தலையாட்டினேன். அவர் சுவரில் இருந்த எங்கள் போனை எடுத்து டொக்டருக்கு அடித்தார். அந்தத் தடித்த விரல் இலக்கத்தைத் தவறாகச் சுழற்றி, திரும்பவும் முதலில் இருந்து தொடங்கியது. அவர் சொன்ன சொற்களில் ஒன்று எனக்குப் புதிது. தமிழில் சொன்னால் சூடடிக்கிறவரின், அதாவது கதிரடிக்கிறவரின், நுரையீரல் என்று வரும். இங்கே பண்ணைகளில் நிற்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பழைய வருத்தம். பூஞ்சணம் பிடித்த தானியத்தின் தூசு நெஞ்சுக்குள் போய்ப் போய், நுரையீரல் தழும்பாகிவிடும். தன் தகப்பனின் வேலையாள் ஒருவர் அப்படித்தான் செத்தார் என்று கமக்காரர் போனை வைத்துவிட்டுச் சொன்னார். “எனக்கு யோசனை வந்திருக்க வேண்டும்” என்றார். எங்கள் சமையலறைக் கதிரையில் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு அவர் எவ்வளவு நேரம் இருந்தார் என்று எனக்கு நினைவில்லை. அம்மா வைத்த தேத்தண்ணி ஆறிப்போனது. வெளியே அந்த வயலில் புதுக் கோதுமை நாலு விரல் உயரத்துக்கு நின்றது.

திரும்பவும் டொக்டரின் அறை. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டி, தழும்பு எங்கே எங்கே என்று காட்டினார். அவர் எங்களில் ஒருவரையும் குற்றம் சொல்லவில்லை. என்னைப் பார்த்து, அப்பாவுக்குச் சொல்லச் சொல்லி, நிதானமாகச் சொன்னார்: “நவம்பரில் எங்களுக்குத் தெரிந்திருந்தால், தானியத்தில் இருந்து அப்போதே விலகியிருந்தால், இந்த நுரையீரல் பெரும்பாலும் தேறியிருக்கும். இப்போது இதைத் திருப்ப முடியாது. மேலும் கெடாமல் பார்க்கத்தான் முடியும்.”

எனக்குப் பன்னிரண்டு வயது நடந்துகொண்டிருந்தது.

“என்னவாம் பிள்ளை?”

“நல்லா ஓய்வெடுக்கச் சொல்லுறார். இனிப் பண்ணைக்குப் போகவேண்டாமாம்.”

“ஓம்” என்றார் அப்பா. டொக்டரைப் பார்த்து டேனிஷில் நன்றி சொன்னார். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கிழமை கொம்யூனில் எங்களுக்குப் பொறுப்பாக இருந்த பெண் வீட்டுக்கு வந்தார். அம்மா முன்னறையில் உட்காராமல் நின்றபடியே இருந்தார். கமக்காரருக்கு உதவி செய்த விசயம் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. “இதற்கா பயந்தீர்கள்? எங்களிடம் சொல்லியிருந்தால் சந்தோசப்பட்டிருப்போம். ஒரு தாளில் கையெழுத்து வைத்திருந்தால் போதும்” என்றார். அதை மட்டும் நான் அப்படியே, ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். அம்மா சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் இருந்துவிட்டார். நீல மேலங்கியை அன்றே பின்வளவில் போட்டுக் கொளுத்தினார். அதுவும் ஈரமாக இருந்தது. எரியாமல் நெடுநேரம் புகைந்தது. சனிக்கிழமை வந்த அண்ணை விசயத்தைக் கேட்டுவிட்டு, “எனக்கும் ஒராள் சொன்னதுதானே” என்றார். அதற்குப் பிறகும் வந்துகொண்டுதான் இருந்தார். புத்திமதி மட்டும் சொல்லவில்லை.

அப்பா எட்டு வருடம் இருந்தார். கடைசி மூன்று வருடம் மூக்கில் குழாய். நான் மேசையில் படித்துக்கொண்டிருப்பேன். அவர் சாய்கதிரையில் மூச்சை எண்ணிக்கொண்டிருப்பார். என்னை ஒருநாளும் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது என்றும், அதுவாவது அவருக்கு நிம்மதி என்றும் நான் நினைத்திருந்தேன். ஸ்கீவவிலேயே அடக்கம் செய்தோம். கமக்காரர் வந்து கடைசி வரிசையில் நின்றார். அடுத்த வருடம் பண்ணையை விற்றுவிட்டுப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம். நாங்கள் ஒடென்சே பட்டணத்துக்கு வந்துவிட்டோம்.

போன ஆவணியில் அம்மாவைக் கல்லறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எண்பதை நெருங்குகிற வயது. பின் இருக்கையில் இருந்தால் தலை சுற்றும் என்று முன்னால் இருந்தார். வழி முழுக்க மழை. ரோட்டின் இரண்டு பக்கமும் வெட்டாத கோதுமை சாம்பல் நிறத்தில் தலை குனிந்து நின்றது. ஸ்கீவ வருவதற்குக் கொஞ்சம் முன்னால், “ஓரமா நிப்பாட்டு” என்றார். தலைச்சுற்று என்று நினைத்து நிறுத்தினேன்.

“உனக்கு ஒண்டு சொல்லவேணும். உன்ரை அப்பா சொல்லாதை எண்டவர். ஆனால் நானும் போயிட்டால் உனக்குச் சொல்ல ஆக்களில்லை.”

“என்னம்மா?”

“அந்த டொக்டர் நவம்பர் எண்டு சொன்னது அவருக்கு விளங்கினது. நவம்பர் எங்களுக்கும் நவம்பர்தானே. தானியம் எண்ட சொல்லும் அவருக்குத் தெரியும், ஒவ்வொரு நாளும் அதுக்குள்ளைதானே நிண்டவர். வகுப்பிலை படிச்ச மிச்சத்தையும் வைச்சு, அப்பவே தெரிஞ்சிருந்தால் சுகமாகியிருக்கும் எண்டு கூட்டிப் பாத்திருக்கிறார். அண்டைக்குப் பின்னேரமே எனக்குச் சொன்னவர். ‘பிள்ளை எனக்கு மறைச்சுச் சொல்லுது. எனக்கு விளங்கினதெண்டு அவளுக்குத் தெரியவேண்டாம். தெரிஞ்சால் அவள் உடைஞ்சுபோவாள்’ எண்டவர்.”

வைப்பர் போய் வந்துகொண்டிருந்தது. நான் அதை நிறுத்தினேன்.

“எட்டு வருசமும் தெரியுமோ?”

“ஓம். எட்டு வருசமும்.”

அவர் என்னைக் காப்பாற்றினார் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அப்படித்தான் நினைக்கப் பார்க்கிறேன். ஆனால் அந்த எட்டு வருடத்தில் ஒரே ஒரு தரம், “ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை” என்று அவர் கோபமாகவாவது கேட்டிருந்தால், நான் அழுதிருப்பேன், அவர் கையைப் பிடித்திருப்பேன். ஒரே அறைக்குள், நாலடி தூரத்தில், நான் அவருக்காகவும் அவர் எனக்காகவும் ஒரே விசயத்தை ஒளித்து வைத்துக்கொண்டு இருந்தோம். அவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்காமல் இருக்க நான் சத்தமாகப் பாடம் படித்த நாட்களும் உண்டு.

காருக்குள் கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது. அம்மா கைலேஞ்சியை எடுத்து என் பக்கத்துக் கண்ணாடியைத் துடைத்தார். ரோட்டுத் தெரிகிற அளவுக்கு வந்ததும் நான் காரை எடுத்தேன்.